சி.ஏ., மெட்ஸ், பி.எஸ்.சி.

ஆகஸ்ட் 28, திங்கள்

பிரஷர் மாத்திரையை மாற்றிக் கொடுத்த டாக்டர், தினமும் காலையில் அளந்து ஒரு நோட்டில் எழுதிக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார். நயினார் தன் ஆபீஸில் கொடுத்த டைரியைத் தேடி எடுத்துக் கொடுத்தான். எட்டு மாதப் பக்கம் வெறுமனே கிடக்கிறது.

இன்றைக்கு 150, 90.

அதை எழுத ஒரு வரிதான் ஆயிற்று. மீதிப் பக்கத்தை என்ன செய்வது என்று இதை எழுதுகிறேன். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. பிழை இருந்தால் இருக்கட்டும்.

நயினார் என் மகன். சுபாஷினி அவன் பெண்டாட்டி. பேத்தி மிருதுளாவுக்குப் பெங்களூரில் வேலை. இந்தப் பாளையங்கோட்டை வீட்டில் மீதி இருப்பது நானும், என் வீட்டுக்காரரின் தங்கை செண்பகவடிவும். வடிவு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ரிட்டையர் ஆனவள். பிள்ளை இல்லை. புருஷன் செத்த பிறகு அண்ணன் வீட்டுக்கு வந்தாள். அண்ணனும் போய்ச் சேர்ந்தார். நாங்கள் இருவரும் ஒரே அறையில் இரண்டு கட்டிலில் கிடக்கிறோம்.

சுபாஷினி போனில் தன் தோழிகளிடம் பேசும்போது எனக்கு எம்.ஐ.எல். என்று பெயர். "எம்.ஐ.எல். இப்பத்தான் தூங்குறாங்க." "எம்.ஐ.எல்.லுக்கு உப்பு ஆகாது." இரண்டு வருஷம் அந்த மூன்று எழுத்தையும் மனசில் வைத்திருந்து, மிருதுளா லீவுக்கு வந்தபோது கேட்டேன்.

"மதர் இன் லா, ஆச்சி. மாமியார்."

"அதை மாமியார்னே சொன்னா என்ன?"

"ஸ்டைலு ஆச்சி."

சுபாஷினியிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை. எனக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரிய வேண்டியதில்லை.

ஆகஸ்ட் 30, புதன்

148, 88.

வடிவு காலையில் தின்ற ஒரு இட்லியையும் வாந்தி எடுத்தாள். ஆடி மாதத்திலிருந்தே இப்படித்தான். கழுத்து எலும்பு தெரிகிறது. கேட்டால், "டயட்ல இருக்கேன் மதினி" என்கிறாள். அவளுக்கு எதற்கும் ஒரு இங்கிலீஷ் உண்டு.

இங்கிலீஷ் என்றதும் எழுதிவிடுகிறேன். 1970, தை மாதம். நான் இந்த வீட்டுக்குக் கல்யாணமாகி வந்து பதினேழாம் நாள், மத்தியானச் சாப்பாடு. நான் மோர் ஊற்றிக்கொண்டிருக்கிறேன். வடிவு அப்போதுதான் எஸ்.எஸ்.எல்.சி. முடித்திருந்தாள். அண்ணனைப் பார்த்து எழுத்தெழுத்தாகச் சொன்னாள்: டி, யூ, எஃப், எஃப், இ, ஆர். அவர் சிரித்தார். புரை ஏறிவிட்டது. நான்தான் தலையில் தட்டினேன்.

அந்த ஆறு எழுத்தையும் ஏழு வருஷம் வைத்திருந்தேன். நயினாரைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்று அங்கே இருந்த சிஸ்டரிடம் வரிசை மாறாமல் ஒப்பித்து அர்த்தம் கேட்டேன். சிஸ்டர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "யாரைச் சொன்னாங்கம்மா?" "யாரையோ." "மக்குன்னு அர்த்தம். கொச்சையாச் சொல்றது. டிக்ஷனரி இங்கிலீஷ் இல்ல."

வீட்டுக்கு வந்து வடிவுக்குக் காபி போட்டுக் கொடுத்தேன். "சீனி போட மறந்துட்டீங்க மதினி" என்றாள். நான் எதையும் மறப்பதில்லை.

செப்டம்பர் 2, சனி

அளக்கவில்லை. ஆஸ்பத்திரியில் இருக்கிறேன். வடிவைச் சேர்த்திருக்கிறது. வாய் வழியாகக் குழாய் விட்டு வயிற்றைப் பார்த்தார்கள். சதை கிள்ளி டெஸ்டுக்கு அனுப்பியிருக்கிறதாம். ஸ்கேனும் எடுத்தாயிற்று. கூட இருக்க ஆள் வேண்டும் என்றார்கள். சுபாஷினிக்கு ஆபீஸ். நான் இருக்கிறேன் என்றேன்.

காலையில் வடிவு தண்ணீர் கேட்டாள். தம்ளரை எடுத்தபோது வார்டு துடைக்கிற பெண் ஓடி வந்து கையைப் பிடித்தாள்.

"குடுத்துராதீங்க பாட்டியம்மா! என்.பி.ஓ. போட்டிருக்குல்லா?"

கட்டில் தலைமாட்டில் ஒரு அட்டை தொங்கியது.

"அப்படின்னா?"

"வாய் வழியா ஒண்ணும் குடுக்கக் கூடாது."

"இங்கிலீஷ் படிச்சிருக்கியா?"

"நல்லாக் கேட்டீங்க. ரெண்டாங்கிளாசு. பத்தொம்பது வருசமா இந்த எழுத்துக்குக் கீழதான தொடைச்சிக்கிட்டுக் கெடக்கேன்."

பெயர் ஞானப்பூ. வடிவு அவளைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தனக்குத் தெரியாத எழுத்து துடைப்பக்காரிக்குத் தெரிந்ததில் கோபம்.

செப்டம்பர் 5, செவ்வாய்

டாக்டர் வந்தார். வடிவின் கால்மாட்டில் நின்றுகொண்டு நயினாரிடம் பேசினார். வடிவு முழித்துத்தான் இருந்தாள். வடிவுக்கு இங்கிலீஷ் தெரியும் என்று நயினார் கண்ணைக் காட்டினான். டாக்டர் தலையாட்டிவிட்டு வேகமாகச் சொன்னார். "சி.ஏ. ஸ்டமக். லிவர் மெட்ஸ். இந்த வயசுல, இந்த உடம்புக்கு, பி.எஸ்.சி. பெட்டர்."

நயினார் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

வடிவு தலையணையில் நிமிர்ந்து உட்கார்ந்து, "டாக்டர், வாட் இஸ் மை ப்ராப்ளம்?" என்று கேட்டாள். குரலில் பழைய எக்ஸ்சேஞ்ச் இருந்தது.

"ஒண்ணும் இல்லம்மா. வயித்துல புண்ணு. மாத்திரை எழுதுறேன், வீட்டுக்குப் போலாம்."

அவர் போனதும் வடிவுக்கு வருத்தம், வியாதியைப் பற்றி இல்லை. "நான் இங்கிலீஷ்ல கேக்கேன், அவரு தமிழ்ல சொல்லுதாரு பாத்தீங்களா? பட்டிக்காடுன்னு நெனச்சிட்டாரு."

"அவரு என்னமோ எழுத்துச் சொன்னாரே, அது என்னது?"

"டாக்டருங்க சுருக்கிப் பேசுவாங்க. உங்களுக்குச் சொன்னாப் புரியாது மதினி."

சரி என்றேன்.

செப்டம்பர் 6, புதன்

விடிந்ததும் ஞானப்பூவைக் குழாயடியில் பிடித்தேன். டாக்டர் சொன்னதை அவர் சொன்ன அதே வரிசையில் ஒப்பித்தேன். அவள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள்.

"யாருக்குப் பாட்டியம்மா?"

"நீ அர்த்தத்தைச் சொல்லு."

"சி.ஏ.ன்னா கேன்சர். நோயாளி காதுல விழக்கூடாதுன்னு ரெண்டெழுத்தாச் சொல்லுவாங்க. மெட்ஸுன்னா பரவிருச்சு."

"பி.எஸ்.சி.?"

"இனி வைத்தியம் இல்ல. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயி வலி தெரியாம நல்லாப் பாத்துக்கிடுங்கன்னு."

"எத்தனை நாளைக்கு?"

"நான் என்ன டாக்டரா? ரெண்டு மாசம், மூணு மாசம். இந்த எழுத்தோட போனவங்க நாலாவது மாசம் இங்க வந்து நான் பாத்ததில்ல."

வார்டுக்குத் திரும்பினேன். வடிவு பேப்பரில் இங்கிலீஷ் குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். "எங்க போனீங்க? தலையணையை ஏத்தி வைங்க" என்றாள். ஏத்தி வைத்தேன்.

செப்டம்பர் 7, வியாழன்

வீட்டுக்கு வந்தாயிற்று. காரில் முன்னால் இருந்து சுபாஷினியும் நயினாரும் பேசிக்கொண்டு வந்தார்கள். தமிழில் பேச முடியாது, இங்கிலீஷிலும் பேச முடியாது, வடிவு இருக்கிறாள். "டி.பி.எச். எனக்கே பயமா இருக்கு." "மிருதுக்கு?" "எஃப்.ஒய்.ஐ. மட்டும் போட்டேன். டீட்டெயில்ஸ் டி.பி.டி." வடிவு ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். "இதுகளுக்கு ஒரு வார்த்தையை முழுசாச் சொன்னா நோகும்" என்றாள் என்னிடம்.

வீட்டில் நயினார் என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டான். "அம்மா, அத்தைக்கு அல்சர்தான். மூணு மாசத்துல சரியாயிரும். நீ ஒண்ணும் கவலப்படாத."

பெற்ற தாயிடம் சொன்ன பொய். இவனுக்கு ஒன்பது வயதில் ஒரு பொய் சொன்னான், பாத்திரக்காரனிடம் பித்தளைச் சொம்பைப் போட்டு ஐஸ் வாங்கித் தின்றுவிட்டு. அதற்குப் பிறகு இதுதான் எனக்குத் தெரிந்து.

சரிப்பா என்றேன்.

செப்டம்பர் 8, வெள்ளி

144, 88. மிளகு ரசம். வடிவு அரைத் தம்ளர் குடித்தாள்.

செப்டம்பர் 9, சனி

140, 86.

மிருதுளா வீடியோவில் வந்தாள். அவளுக்கு இன்னும் விவரம் சொல்லவில்லை போல, சிரித்துக்கொண்டுதான் பேசினாள். எதிர்வீட்டுப் பையனைப் பற்றிப் பேச்சு வந்தது.

"அவன் 2019லயே பாஸ்டு அவுட்" என்றாள் வடிவு.

"வடிவாச்சி, பாஸ்டு அவுட்னா மயங்கி விழுந்துட்டான்னு அர்த்தம். கிராஜுவேட்டட்னு சொல்லணும்."

"யாரு சொன்னா? எங்க எக்ஸ்சேஞ்சுல முப்பத்தொம்பது வருஷம் அப்படித்தான் சொன்னோம். ஒருத்தரும் மயங்கி விழல."

"எங்க ஆபீஸ்ல சொன்னா சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். நீ சொல்லுதியே ஐ.டி.கே., எல்.ஓ.எல்.னு, அது எந்த ஊரு இங்கிலீஷு? எங்க சூப்பர்வைசர் காதுல விழுந்திருந்தா சீட்டைக் கிழிச்சிருப்பா."

"அது சாட்ல போடுறது ஆச்சி!"

"வாயில கொழுக்கட்டையை வச்சிக்கிட்டுப் பேசுற மாதிரி இருக்கு."

அரைமணி நேரம் எந்த இங்கிலீஷ் வார்த்தைக்கு எது அர்த்தம் என்று சண்டை. வடிவு ஒரு இடத்தில்கூட விட்டுக் கொடுக்கவில்லை. நான் சும்மா உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அவளுக்குத் தெரியாத மூன்று எனக்குத் தெரியும்.

செப்டம்பர் 10, ஞாயிறு

138, 84. நன்றாகத் தூங்கினேன்.

செப்டம்பர் 11, திங்கள்

வடிவின் எக்ஸ்சேஞ்ச் சிநேகிதிகள் பொங்கல் கழிந்து மதுரையில் கூடப் போகிறார்கள். 1971ல் ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தவர்கள். முன்பு பதினான்கு பேர், இப்போது ஐந்து. ஐந்து பேரும் சேர்ந்து பார்த்து ஆறு வருஷம் ஆகிறது.

"நயினாரு, எனக்கு ஜனவரி பதினெட்டுக்கு மதுரைக்கு டிக்கெட் போடணும்" என்றாள் சாப்பிடும்போது.

நயினார் சோற்றைப் பிசைந்துகொண்டே, "போட்டுருவோம் அத்தை" என்றான்.

"போக வரவா?"

"போக வர."

சுபாஷினி எழுந்து அடுப்படிக்குப் போனாள். அங்கே குழாய் ரொம்ப நேரம் திறந்திருந்தது. எனக்கு இன்னொரு கரண்டி கூட்டு வேண்டியிருந்தது. நானே போட்டுக்கொண்டேன்.

136, 84. இதைப் பார்த்தால் டாக்டர் சந்தோஷப்படுவார்.

செப்டம்பர் 12, செவ்வாய்

136, 82.

பதினொன்றரை மணிக்கு பத்மாசனி போன் பண்ணினாள். எக்ஸ்சேஞ்சில் வடிவுக்கு அடுத்த நாற்காலி. இருபத்திரண்டு வருஷம் இரண்டு பேருக்கும் இடையில் ஒரு கை இடம்தான். புருஷனுக்கு மாற்றலாகி மதுரை போனவள். வடிவு கல்யாணம் பண்ணியபோதும், புருஷன் செத்தபோதும், முதலில் வந்து நின்றவள் அவள்தான். வடிவுக்குக் காது மந்தம் என்பதால் போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாள்.

"ஏ வடிவு, நான் நாளன்னைக்கு அமெரிக்கா போறேன். மகளுக்குப் பேறுகாலம், மாசம் நெருங்கிருச்சு. திடீர்னு டிக்கெட் போட்டுட்டா. உனக்கு உடம்பு சரியில்லன்னு கேள்விப்பட்டேனே?"

"அல்சருடி. ஒண்ணுமில்ல."

"நாளைக்குக் காலையில பஸ் ஏறி வந்து உன்னையப் பாத்துட்டு ராத்திரிக்குள்ள திரும்பிரட்டுமா?"

"பைத்தியமா உனக்கு? நாளன்னைக்குப் பிளேனு, நாளைக்குப் பஸ்ஸா? முழங்காலை வச்சிக்கிட்டு. ஜனவரியில பாப்போம்."

"ஜனவரிக்கு நான் இருக்க மாட்டேன்டி. பிப்ரவரி கடைசிதான் ரிட்டர்ன்."

"அப்போ மார்ச்ல பாப்போம். நான் எங்க போயிரப் போறேன்?"

"நிச்சயமா வர வேண்டாமா?"

வடிவு என்னைப் பார்த்தாள். நான் எதிரே உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். பத்மாசனி எப்படிக் கிறுக்குத்தனமாகப் பேசுகிறாள் பாருங்கள் என்பது போல் சிரித்தாள்.

"வேண்டாம்டி. போயிட்டு வா" என்றாள்.

பூண்டு நாற்பது பல் இருந்தது. குழம்புக்குப் பதினைந்து போதும். மீதியை டப்பாவில் போட்டு வைத்தேன்.

செப்டம்பர் 13, புதன்

மதுரையிலிருந்து காலையில் வருகிற பஸ் பத்து மணிக்கு வந்திருக்கும். கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு.

செப்டம்பர் 14, வியாழன்

140, 88.

"பத்மா இந்நேரம் மேகத்துக்கு மேல இருப்பா" என்று வடிவு மணியைப் பார்த்துச் சொன்னாள். ஒரு மாத்திரை கூடுதலாகக் கேட்டாள். முதுகு வலிக்கிறதாம்.

செப்டம்பர் 15, வெள்ளி

ஒன்றும் இல்லை.

செப்டம்பர் 16, சனி

146, 90. மாத்திரை அதேதான். ஏன் ஏறியது தெரியவில்லை.

செப்டம்பர் 17, ஞாயிறு

நயினாரும் சுபாஷினியும் ஒரு கல்யாணத்துக்குத் தூத்துக்குடி போயிருந்தார்கள்.

வடிவு பீரோவைத் திறந்து ஊதா ரவிக்கையை எடுத்துப் போட்டுப் பார்த்தாள். தோள் இரண்டு பக்கமும் இறங்கியது. "மதினி, இதை ஒரு பிடி உள்ள தச்சுத் தாங்க" என்றாள். உடனே, "வேண்டாம். ஜனவரிக்குள்ள உடம்பு வச்சிரும். அப்புறம் பிரிக்கணும்" என்றாள்.

"பிரிக்க வேண்டியிருக்காது."

"ஏன்?"

நான் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தேன். மூன்று தடவை போகவில்லை. கீழே வைத்துவிட்டேன்.

"உனக்குப் புண்ணு இல்ல வடிவு. கேன்சர். ஈரலுக்குப் பரவிருச்சு. ஆப்பரேஷன் கிடையாது. வீட்டுல வச்சிப் பாத்துக்கிடச் சொல்லிட்டாங்க. ஜனவரி வரைக்கும் கஷ்டம்."

அவள் ரவிக்கைக் கொக்கியைப் போட்டுக்கொண்டே இருந்தாள். கடைசிக் கொக்கி வரைக்கும் போட்டாள்.

"யாரு சொன்னா?"

"டாக்டர்தான். உன் கால்மாட்டுல நின்னு சொன்னாரே. சி.ஏ. ஸ்டொமாக்கு. லிவர் மெட்ஸு. பி.எஸ்.சி. பெட்டர்."

"ஸ்டமக்" என்று திருத்தினாள்.

"ஸ்டமக்கு."

"இந்த எழுத்தெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஞானப்பூ சொன்னா."

"யாரு, துடைக்கிறவளா?" கட்டிலில் உட்கார்ந்தாள். "என்னைக்குச் சொன்னா?"

"ஆறாம் தேதி."

விரலை மடக்கி எண்ணினாள். ஆபரேட்டர் விரல், இன்னும் வேகம் இருக்கிறது.

"பதினொரு நாளு."

"ஆமா."

"பன்னெண்டாம் தேதி பத்மா வாரேன்னு சொல்லும்போது நீங்க இங்கனதான இருந்தீங்க?"

"இருந்தேன்."

"பூண்டு உரிச்சிக்கிட்டு."

"ஆமா."

ரவிக்கையைக் கழற்றி மடித்துப் பீரோவில் வைத்தாள். "தைக்க வேண்டாம்" என்றாள். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

ஏன் சொன்னாய் என்று நயினார் கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்தேன். தைத்தால் வேலை வீணாகிவிடும் என்பதுதான் தோன்றியது.

செப்டம்பர் 18, திங்கள்

164, 96.

நயினார் சத்தம் போட்டான். அவன் சத்தம் போட்டு நான் பார்த்ததில்லை.

"உனக்கு அறிவு இருக்காம்மா? கடைசி வரைக்கும் நிம்மதியா இருக்கட்டும்னு நாங்க எவ்வளவு பாடுபட்டோம்! உனக்கு அவங்க மேல அப்படி என்ன?"

"அத்தை, டாக்டரே சொல்ல வேண்டாம்னுதான் சொன்னாரு" என்றாள் சுபாஷினி. அவள் அழுதிருந்தாள். அவள் வடிவுக்காக அழுவாள் என்று நான் நினைத்திருக்கவில்லை. அதையும் எழுதி வைக்கிறேன்.

அறைக்குள்ளிருந்து வடிவு கூப்பிட்டாள். "நயினாரு. அவங்களை விடு. ரிப்போர்ட்டைக் கொண்டா."

"எதுக்கு அத்தை..."

"கொண்டாங்கேன்."

செப்டம்பர் 20, புதன்

158, 94.

இரண்டு நாளாக வடிவு பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு ரிப்போர்ட்டைப் படிக்கிறாள். புரியாத எழுத்துக்குச் சுபாஷினியைக் கூப்பிடுகிறாள். சுபாஷினி போனில் தேடிச் சொல்கிறாள். கேன்சர் என்று எழுதியிருக்கிற வரியைத் தாண்டிப் போய்விட்டாள். வேறு ஒரு வரியில் நின்றுவிட்டாள்.

"'பேஷன்ட் டினைஸ் ஆல்கஹால்'னு போட்டிருக்கான் பாரு. மறுக்கிறாளாம்! ஏ சுபா, குடிச்சிருக்கியான்னு கேட்டான், இல்லன்னேன். அதுக்குப் பேரு மறுக்கிறதா? நான் என்ன கோர்ட்டுலயா நிக்கேன்?"

"அது அவங்க எழுதுற முறை, வடிவம்மா. எல்லாருக்கும் அப்படித்தான் எழுதுவாங்க."

"எல்லாரையும் குடிகாரின்னு நெனச்சிக்கிட்டா எழுதுவான்? இன்னொண்ணு. 'கிட்னி அன்ரிமார்க்கபிள்.' எழுபத்தோரு வருஷமா ஓடுது, அதைப் பத்திச் சொல்ல ஒண்ணுமே இல்லையாம்."

சுபாஷினி சிரித்துவிட்டாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சிரி. எனக்கும்தான் சிரிப்பா இருக்கு" என்றாள் வடிவு.

என்னிடம் பேசவில்லை. மாத்திரை, தண்ணீர், போர்வை, அவ்வளவுதான்.

செப்டம்பர் 23, சனி

வடிவு காலையில் தலை சீவிக்கொண்டு போனை எடுத்தாள். அந்தக் காலத்தில் வெளியூருக்குப் பேசுகிற ட்ரங்க் கால் மூன்று தினுசு, ஆர்டினரி, அர்ஜெண்ட், லைட்னிங். லைட்னிங் வந்தால் வரிசையில் காத்துக்கிடக்கிற மற்ற எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு அதைத்தான் முதலில் போடுவார்களாம். சாவுக்கும் சண்டைக்கும்தான் லைட்னிங்.

"ஜெபகனி, லைட்னிங் கால். மதுரை இல்ல. இங்க எங்க வீட்டுல. அக்டோபர் ஒண்ணு. ஏன்னா வயித்துல கேன்சர். ஆமா. நேத்து இல்ல, முன்னாலயே. அழாத, லைன் வேஸ்ட் ஆகுது. வாரியா இல்லையா?"

இதே மாதிரி ஷரிபாவுக்கும் கோமதிசங்கரிக்கும். குரல் ஒரே அளவில் இருந்தது. நாலாவது பத்மாசனிக்கு. மகளுக்குப் பேறுகாலம் அடுத்த வாரமாம், குழந்தை தலை திரும்பவில்லையாம். வடிவு ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். "வராத. சொல்லுதேன்லா, வராத. அந்தப் பிள்ளை பக்கத்துல இரு" என்று பேச்சை முடித்தாள். பத்மாசனி வைத்த பிறகும் போனைக் கையிலேயே பிடித்திருந்தாள். ஸ்பீக்கரை அணைக்க மறந்து, டூட் டூட் என்று சத்தம் வந்தது. நான் எழுந்து போய் அணைத்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

பிறகு குடும்ப க்ரூப்பில் இங்கிலீஷில் போட்டாளாம், மீட்டிங் இஸ் ப்ரீபோண்டு என்று. மிருதுளாவுக்கு வியாழக்கிழமையே எல்லாம் சொல்லியாயிற்று. அவள் உடனே கூப்பிட்டாள். அழுதுகொண்டே, "வடிவாச்சி, ப்ரீபோன்னு ஒரு வார்த்தையே கிடையாதுன்னு எங்க மேனேஜர் சொல்வாரு" என்றாள். என்ன பேசுவதென்று தெரியாமல் சொல்லியிருக்கிறாள். கொஞ்ச நேரம் கழித்து அவளே, "டிக்ஷனரியில இருக்கு ஆச்சி, இப்பத்தான் பாத்தேன்" என்றாள்.

"இருந்தா என்னட்டி, இல்லாட்டா என்ன? தேதி முன்னால வந்தாச்சு."

அக்டோபர் 1, ஞாயிறு

மூன்று பேர் வந்தார்கள். சாம்பார் சாதம், தயிர் சாதம், உருளைக்கிழங்குப் பொரியல், வடை. வடிவுக்குக் கஞ்சி. ஜெபகனி வாக்கர் வைத்து நடக்கிறாள். ஷரிபா நாகர்கோவிலிலிருந்து தனியாக பஸ்ஸில் வந்தாள். கோமதிசங்கரியை மகன் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனான்.

பத்மாசனியைப் போனில் வைத்தார்கள். தண்ணீர்ப் பாட்டிலில் சாய்த்து நிறுத்தியிருந்தார்கள். அங்கே தூங்குகிற நேரமாம், முழித்திருந்தாள். பேரன் பிறந்து மூன்று நாள். பேசிக்கொண்டிருக்கும்போதே படம் நின்றுவிட்டது. வாயைத் திறந்தபடி அப்படியே நின்றாள். கொஞ்ச நேரம் நான்கு பேரும் அந்த நின்ற படத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

பரிமாறும்போது வடிவு சொன்னாள். "இது எங்க மதினி. எனக்கு விஷயத்தைச் சொன்னது இவங்கதான். வேற யாருக்கும் தைரியம் வரல."

மூன்று பேரும் என்னைப் பார்த்துக் கை கூப்பினார்கள்.

"பதினொரு நாள் கழிச்சு" என்றாள் வடிவு.

கூப்பிய கை அப்படியே இருந்தது. ஷரிபாதான் முதலில் இறக்கினாள். நான் தயிர் சாதத்தைச் சுற்றிக் கொண்டுபோனேன். எல்லோருக்கும் போதுமானதாக இருந்தது. வடை இரண்டு மிஞ்சியது.

அக்டோபர் 4, புதன்

வடிவு எழுந்திருக்கவில்லை. சுபாஷினி லீவு போட்டிருக்கிறாள். நான்தான் துடைத்துவிடுகிறேன், அவள் புரட்டிப் பிடிக்கிறாள்.

அக்டோபர் 9, திங்கள்

பிரஷர் அளக்கவில்லை.

மத்தியானம் கஞ்சி கொண்டுபோனேன். வேண்டாம் என்று தலையாட்டினாள். கிண்ணத்தை வைத்துவிட்டு உட்கார்ந்தேன். சுபாஷினி கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"மதினி." குரல் இறங்கிப்போய்விட்டது. குனிந்துதான் கேட்க வேண்டும். "ஆறாம் தேதியிலருந்து பதினேழு வரைக்கும். உங்களுக்கு ஞாபகம் இருக்கும்லா?"

"இருக்கு."

"சொல்லுங்க."

"எல்லாமா?"

"எல்லாம். ஒரு நாளு விடாம."

சொன்னேன். ஆறு, நீ குறுக்கெழுத்துப் போட்டுக்கிட்டு இருந்தே, தலையணையை ஏத்தி வைக்கச் சொன்னே. ஏழு, காருல வந்தோம், நயினார் எங்கிட்ட அல்சர்னு சொன்னான். எட்டு, மிளகு ரசம், அரைத் தம்ளர். ஒன்பது, பேத்தியோட சண்டை போட்டே, நீதான் ஜெயிச்சே. பத்து, நான் நல்லாத் தூங்குனேன். பதினொண்ணு, டிக்கெட் கேட்டே. சுபா உள்ள போயிக் குழாயைத் திறந்து வச்சிக்கிட்டு அழுதா, நான் கூட்டுப் போட்டுத் தின்னேன்.

"பன்னெண்டு" என்றாள்.

"பதினொண்ணரைக்குப் பத்மாசனி போன் வந்தது. நான் பூண்டு உரிச்சிக்கிட்டு..."

"பூண்ட விடுங்க."

கொல்லையில் சுபாஷினி துணி உதறுகிற சத்தம் கேட்டது. நான்கு உதறு.

"பத்மாசனி வாரேன்னு சொன்னா. நீ வேண்டாம்னு சொன்னே. என்னைப் பாத்துச் சிரிச்சே. எனக்குத் தெரியும், உனக்குத் தெரியாது. எனக்கு அது நல்லா இருந்துச்சு."

வடிவு கண்ணைத் திறந்து பார்த்தாள்.

"நல்லாவா?"

"நல்லா இருந்துச்சு வடிவு. அன்னைக்குப் பூராவும்."

அவள் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். மூச்சு வந்து போவது போர்வையில் தெரிந்தது. எழுந்துவிடலாமா என்று நினைத்தேன்.

"பதிமூணு?" என்றாள்.

பதின்மூன்றைச் சொன்னேன். பத்து மணிக்கு வாசலைப் பார்த்ததையும் சொன்னேன். பதினான்கு, பதினைந்து, பதினாறு. பதினேழுக்கு வந்தபோது, அது எனக்குத் தெரியும் என்பது போல் விரலை அசைத்தாள்.

கஞ்சி ஆறியிருந்தது. சுடவைக்கப் போனவளை, அப்படியே கொடுக்கச் சொன்னாள். மூன்று கரண்டி குடித்தாள்.